காத்திருப்பு வரம்பு

காலையில் அலுவலகம் வந்ததும் ஜெனோவா முதலில் தேநீர் குடிப்பாள், பிறகு கை கொடுப்பாள். பக்கத்து மேசைக் கொம்பையா சர்வரில் ஏதாவது ஓர் அமைவை மாற்றியிருப்பான். அதைச் சேமிக்க இரண்டாவது ஆளின் உள்ளங்கையும் வேண்டும். "அக்கா, ஒரு கை" என்பான். அவள் திரையைப் பார்க்காமலே கண்ணாடிப் பலகையில் கையை வைத்துவிட்டு வருவாள். அவள் மாற்றும்போது அவனும் அப்படியே. என்ன மாற்றினாய் என்று கேட்பது அந்த அறையில் பெரிய அவமரியாதை, விருந்துக்குப் போன வீட்டில் சோற்றை முகர்ந்து பார்ப்பதைப் போல. தப்பு நடக்கக் கூடாது என்று வைத்த விதியை இவர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதையாக்கி வைத்திருந்தார்கள். நம் ஆட்களுக்கு இதெல்லாம் சொல்லித்தரவா வேண்டும்?

கடல் உள்ளே வந்த பிறகு மேட்டில் எழுப்பிய புதுத்துறை நகரத்தின் இணைவகம் அது. ஒரு காலத்தில் கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவே ஆர்டரும் ரசீதும் சுமந்த சாதாரண சர்வர்தான். பிறகு ஆஸ்பத்திரி, தண்ணீர், பேருந்து, வீட்டுக் கதவு என்று எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டினார்கள். மனிதர்களைச் சேர்க்கும்போதுதான் சிக்கல் வந்தது. அதற்கு நிறுவனங்களை மட்டுமே தெரியும். சர்வரை மாற்றுவதைவிடச் சட்டத்தை மாற்றுவது மலிவாக இருந்ததால், ஒவ்வொரு மனிதரும் ஒரு நிறுவனம் என்று சட்டம் போட்டார்கள். இணைவகத்தின் மொழியில் ஒரு தரப்பு.

தரப்பு என்றால் பதில் சொல்ல வேண்டும். சர்வர் அவ்வப்போது ஒவ்வொருவரையும் தட்டிப் பார்க்கும். மணிக்கட்டில் பதித்த தகடு ஒளிரும். காத்திருப்பு வரம்புக்குள் அதைத் தொட வேண்டும், அதுவும் சொந்த நரம்பு இழுத்து, சொந்த விரலால். அடுத்தவர் நம் விரலைப் பிடித்து வைத்தால் செல்லாது. பதில் வராவிட்டால் மறுமுயற்சி. அதற்கும் வராவிட்டால் அந்தத் தரப்பு மூடப்படும், அதன் கையில் இருந்தது அடுத்தவருக்குப் போகும். மூடிய கடையில் சரக்கு வீணாகக் கூடாது என்பதற்காக எழுதிய விதி. கடைக்கு நியாயமான விதிதான்.

ஜெனோவாவின் கணவன் சூசைக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. சிறுநீரகமும் கைவிட்டது. ஆஸ்பத்திரியின் ரத்தச் சுத்திகரிப்பு வார்டில் அவனுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அந்த நாற்காலிதான் அவன் உயிர். அவனுடைய இடது கை விரல் வலது மணிக்கட்டுத் தகடு வரை போய்ச் சேர்வதற்குள் பார்ப்பவருக்குப் பொறுமை போய்விடும். அதனால் அந்த வார்டின் காத்திருப்பு வரம்பை அவளே கூட்டி வைத்திருந்தாள். வீட்டிலும் அவள் காத்திருக்கப் பழகியிருந்தாள். "தண்ணி" என்று அவன் சொல்லத் தொடங்கும்போதே அவள் கையில் டம்ளர் இருக்கும். ஆனாலும் சொல் முழுதாக வந்து விழும்வரை கொடுக்க மாட்டாள். முந்திக் கொடுத்தால் அவனுக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் அவளுக்குப் பிடித்திருந்தது. உள்ளே இன்னும் பழைய சூசை இருக்கிறான் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

அன்று அவள் கொம்பையாவுக்குக் கை கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டு வேளைக்கு முன் அவள் திரையில் ஒரு வரி வந்தது: 'தரப்பு சூசை: மூடப்பட்டது. நாற்காலி மறு ஒதுக்கீடு செய்யப்பட்டது.'

அவள் பக்கத்து மேசைக்குத் திரும்பினாள். "கொம்பையா, காலையில என்னத்தடா மாத்துன?"

அந்த அறையில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

"காத்திருப்பக் குறைச்சேன்க்கா. சர்வர் திணறுது, கொறைன்னு மேலருந்து சொன்னாங்க. எல்லா வார்டுக்கும் சேத்துப் போட்டுட்டேன்." அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. "ஐயோ... அத்தான் வார்டு."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடா."

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேக்கா" என்றான். சொன்ன பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

அவர்கள் வரம்பைப் பழையபடி கூட்டினார்கள். அது திறந்திருக்கும் தரப்புகளுக்குத்தான் செல்லும். மூடியதைத் திறக்க அமைவுப் பக்கத்தில் எந்த இடமும் இல்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டாள். மூடப்பட்ட தரப்பின் சார்பாகப் புகார் கொடுக்க முடியாது, தரப்பே கொடுக்க வேண்டும் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஆஸ்பத்திரி அவனைச் சக்கர நாற்காலியோடு வாசலில் விட்டிருந்தது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீட்டுக் கதவில் அவன் பெயர் இருக்காது, வீட்டில் விட்டால் பார்க்க ஆளும் இல்லை. அவள் அவனை அலுவலகத்துக்கே தள்ளிக்கொண்டு வந்தாள். அனுமதி இல்லாத ஆளைக் கதவு தடுக்கும் என்று பயந்தாள். கதவு தடுக்கவில்லை. 'ஒரு நபர், ஒரு சாமான்' என்று சொல்லித் திறந்துகொண்டது. அவனுக்கு அது கேட்டிருக்கக் கூடாதே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

கொம்பையா எழுந்து தண்ணீர் கொண்டுவந்தான். பிறகு தாழ்ந்த குரலில், "ஒரு வழி இருக்குக்கா" என்றான்.

வழி அவளுக்கும் தெரியும். நாற்காலி ஒன்று காலியானால் காத்திருக்கும் எல்லோருக்கும் அழைப்புப் போகும். மூடப்பட்டவர்களின் தகடும் அப்போது மட்டும் ஒளிரும். முதலில் தொட்டவருக்கு நாற்காலி. அந்த விதியை மாற்ற யாருடைய கையாலும் முடியாது. நாற்காலியைக் காலியாக்க மட்டும் முடியும்.

சூசையின் நாற்காலி இப்போது பொன்மாரி என்ற பெண்ணிடம் இருந்தது. திரையில் அவளைப் பற்றி அதிகம் இல்லை. உப்பளத் தொழிலாளி. பதில் வேகம்: மிக நன்று. எப்போதும் தகட்டின் மேலேயே விரலை வைத்துக்கொண்டு தூங்குகிற பெண்ணாக இருக்க வேண்டும். அவள் ஒருத்திக்கு மட்டும் தனி வரம்பு போடலாம். பூஜ்யம் என்று போட்டால் எவ்வளவு வேகமாகத் தொட்டாலும் தாமதம்தான், பிறகு வரும் நாற்காலி அழைப்பிலும்.

ஜெனோவா பூஜ்யம் என்று தட்டினாள். தட்டிய விரல் தன்னுடையதுதானா என்று இருந்தது அவளுக்கு.

"யா... ரு?" என்றான் சூசை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு, "யாருமில்லீங்க. ஆபீஸ் வேல" என்றாள்.

கொம்பையா வந்தான். இந்தத் தடவை அவன் படித்தான். பெயரைப் படித்தான், தொழிலைப் படித்தான், பூஜ்யத்தைப் படித்தான். அவள் அவன் வாயையே பார்த்தாள். வேண்டாம்க்கா என்று சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும் என்றும், சொன்னால் அவனைக் கொன்றுவிடுவேன் என்றும் ஒரே நேரத்தில் நினைத்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையில் கையை வைத்தான்.

'தரப்பு பொன்மாரி: மூடப்பட்டது.'

உடனே சூசையின் மணிக்கட்டு ஒளிர்ந்தது. "தொடுங்க! தொடுங்க, சீக்கிரம்!" அவள் கத்தினாள். அவனுடைய இடது கை மடியிலிருந்து கிளம்பியது. வலது தொடையைத் தாண்டியது. விரல் தகட்டை நோக்கி நீண்டது. அது பாதி வழி வருவதற்குள் தகடு அணைந்துவிட்டது. திரையில் வேறொரு பெயர் இருந்தது: வள்ளிமயில்.

உப்பளத்துப் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரி வாசலில் வெயிலில் உட்கார்த்தப்பட்டிருப்பாள் என்பது ஜெனோவாவுக்கும் கொம்பையாவுக்கும் தெரிந்திருந்தது. அதனால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை. ஜெனோவாவுக்கு அழுகை வரவில்லை. உள்ளே ஏதோ காய்ந்துபோய்விட்டது. எப்படியும் பட்டியலில் வேகமான விரல்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துவிடும் என்று அவள் மனசு கணக்குப் போட்டது. எல்லோரும் தீர்ந்த பிறகு, மெதுவாக வரும் விரலுக்கும் முறை வரும்.

அவள் வள்ளிமயிலின் பக்கத்தைத் திறந்தாள்.

சூசைக்கு இப்போது எல்லாம் புரிந்துவிட்டது. சக்கர நாற்காலியில் ஒருக்களித்துச் சாய்ந்து, இடது கையால் அவள் சேலையைப் பிடித்து இழுத்தான். உதடு கோணியது. கழுத்து நரம்பு புடைக்க ஒரு சொல்லை மேலே கொண்டுவரப் பார்த்தான்.

"வே..." என்றான். "வேண்..."

"கொம்பையா, கை" என்றாள் ஜெனோவா.