பேரிக்காயோடு வந்தவள்

கழுவித் துடைத்த பேரிக்காயை வெட்டியபோது கத்தி நறநறத்தது. ஹம்ஸியா அந்தத் துண்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். வெள்ளைச் சதைக்குள், விதையைச் சுற்றி, ஒரு சிட்டிகை செம்மண்.

காலையில் பண்டாரவளைச் சந்தையில் அவளே பொறுக்கி எடுத்த பழம். அதைக் குப்பைக் கூடையில் எறிந்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

கொழும்பில் வேலை பார்க்கும் மகள் றிப்தா, மேசையில் சாய்த்து வைத்த போனுக்குள்ளிருந்து அதிகாரம் செய்துகொண்டிருந்தாள்.

"உம்மா, சீஸ அப்பிடிக் கட்டியா வைக்காதீங்க. மெல்லிசா வெட்டி விசிறி மாதிரி அடுக்குங்க. திராட்சை கொத்தோட ஈக்கட்டும்."

"இது சாப்பிடவா, போட்டோ புடிக்கவா? ரொட்டியும் கட்டசம்பலும் வெச்சா உங்கட மாமி வேணாண்டா சொல்லுவா?"

"கல்யாணம் பேசி முடியட்டும் உம்மா. மறுகா உங்கட உறைப்புக் கட்டசம்பல் குடுத்துப் பயங்காட்டுங்க."

சிரிப்போடு பேச்சு முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஹல்துமுல்லையைத் தாண்டிவிட்டார்களாம். வழிகாட்டக் கணவர் லத்தீப் சந்திக்குப் போயிருந்தார். பின்னேரத்து அஸர் தொழுது அதிக நேரம் ஆகவில்லை, ஆனாலும் மலையிலிருந்து இறங்கிய மூட்டம் தேயிலைச் செடிகளையும் வேலியையும் ஒவ்வொன்றாக விழுங்கி, குசினி ஜன்னல் கண்ணாடியில் ஈரத் துணிபோல ஒட்டிக்கொண்டிருந்தது. சீஸின் புளித்த வாசத்துக்கும் பழங்களின் இனிப்புக்கும் அடியில், மழையில் ஊறித் திறந்துகிடக்கும் மண்ணின் வாசம் மெல்லக் கிளம்பியது.

பின்வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஹம்ஸியாவின் கை நின்றது. மேலே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வரும் பெண்கள் கதவைத் தட்டமாட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படிக்குக் கீழே நின்று, இப்படித்தான் செருமுவார்கள். ரெங்கம்மாவும் அப்படித்தான் நிற்பாள். லயத்துக்குப் பின்னால் விளையும் பேரிக்காயை வருடா வருடம் அவள்தான் கொண்டுவந்து விற்பாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால், கொட்டும் மழையில் வந்தாள். அன்றும் இதே விருந்தாளிகள் வருவதாக இருந்தது.

"அம்மா, மேல மண்ணு இறங்குதுன்னு சொல்றாங்க. இன்னைக்கு ஒரு ராத்திரி..."

"நாளைக்கு வாங்க ரெங்கம்மா. ஆக்கள் வாற நேரம்."

ரெங்கம்மா தலையாட்டினாள். பேரிக்காய்ப் பையைப் படியில் வைத்தாள். "இது விக்கக் கொண்டாரலம்மா. சும்மா வச்சுக்கங்க." உதவி கேட்டு வருகிறவள் வெறுங்கையோடு வரக்கூடாது என்று கொண்டுவந்திருந்தாள்.

மழையில் பாதை அடைபட்டு விருந்தாளிகள் ஹல்துமுல்லையிலேயே திரும்பிப்போனார்கள். விடிவதற்குள் லயம் முழுவதும் மண்ணுக்குள் போனது.

ரெங்கம்மா பழம் விற்கத்தான் வந்தாள் என்று நினைத்ததாக ஹம்ஸியா லத்தீப்பிடம் சொன்னாள். தொழுகைப் பாயில் இறைவனிடமும் அதையே சொன்னாள். ஆனால் ரெங்கம்மாவின் கக்கத்தில் பொலித்தீனில் சுற்றிய துணிமூட்டை இருந்ததை அவள் பார்த்திருந்தாள். ஒரு பாயும் ஒரு கோப்பைத் தேநீரும் போதுமாயிருந்திருக்கும்.

மறுபடியும் செருமல். பொறுமையாக. மரியாதையாக.

இரண்டாவது பேரிக்காயை வெட்டினாள். நறநற. உள்ளே மண். மூன்றாவதிலும் மண்.

சமைத்ததில் முதல் பங்கைப் பிறருக்கு எடுத்து வைப்பது அந்த வீட்டு வழக்கம். இந்த மூன்று வாரமாக அவள் கை அதற்கு எழவில்லை. இப்போது சீஸும் திராட்சையும் பிஸ்கட்டும் ஒரு தட்டில் எடுத்தாள். அழகாய் அடுக்கிய பலகை கலைந்தது. கலையட்டும். மன்னிப்புக் கேட்டுவிடலாம். கேட்டுவிட்டால் போய்விடுவாள்.

தாழ்ப்பாளை நீக்கினாள். கதவு திறந்தது.

படிக்குக் கீழே ரெங்கம்மா நின்றாள். தலையில் சாக்கு. கக்கத்தில் மூட்டை. வாயிலிருந்து செம்மண் கரைந்து தாடையில் வழிந்தது.

"ரெங்கம்மா... மாப்பு தாங்க. இத எடுத்துக்கங்க."

ரெங்கம்மா தட்டைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு நான் சொல்லி முடிக்கலம்மா. எனக்கு மட்டும் இடம் கேக்க வரல. லயத்து ஆளுங்கள வேலிகிட்ட நிக்கச் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

மூட்டம் விலகியது.

வேலியோரம் ஆட்கள். அவர்களுக்குப் பின்னால் தேயிலை வரிசைகளுக்கு நடுவே ஆட்கள். மேலே மேலே, மலை முழுக்க. கிழவர்கள். கைக்குழந்தையோடு பெண்கள். யார் முகத்திலும் கண் இல்லை. கண் இருந்த இடத்தில் மண்.

ஒருவரும் முண்டியடிக்கவில்லை. அந்த நல்ல வீட்டுக்குள் நுழையப்போகிறவர்களைப்போல, எல்லோரும் குனிந்து புல்லில் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். துடைக்கத் துடைக்க, கால்களிலிருந்து மண் வந்துகொண்டே இருந்தது.