போணிக்கு ஒரு ஜோடி கையுறை

பனிமலை அடிவார ஊரான கரகோலின் சந்தையில் மம்பெத்தின் கடை ஒரு பழைய சரக்குக் கண்டெய்னர்தான். உள்ளே, இறைச்சிக் கடையில் தொடைகள் தொங்குவது போலப் பனிச்சறுக்குப் பலகைகள் வரிசையாகத் தொங்கும். கொரியாவில் யாரோ சறுக்கி அலுத்துப்போய்த் தள்ளிவிட்ட பலகைகள் அவை. மம்பெத்தைக் கேட்டால், "ஒரே ஒரு தடவை, ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட்டினது" என்பார். எல்லாப் பலகைக்கும் அதே ஞாயிற்றுக்கிழமைதான்.

அன்று அவர் கடை திறக்கும் முன்பே சைகலும் அவள் அம்மா புருல்ச்சாவும் வாசலில் நின்றார்கள். சைகலுக்குப் பதினோரு வயது. அவளுடைய பழைய பலகை தம்பிக்குப் போய்விட்டது. மலையில் எப்போது வேண்டுமானாலும் பனி விழலாம்.

பயிற்சியாளர் லூபா கறாராகச் சொல்லியிருந்தார். "பலகை உன் தாடைக்கு மேல போகக் கூடாது. பூட்ஸுக்குள்ள குதிகால் தூக்கக் கூடாது. ரெண்டும் சரியா இருந்தா மேல்சரிவுக்கு வா. இல்லேன்னா இந்தத் தடவையும் கீழ, குட்டிப் பசங்களோடதான்."

"இவ்வளவு சீக்கிரம் வரணுமாம்மா?" என்று சைகல் கொட்டாவி விட்டாள்.

"மொத ஆளா போனாத்தான் அவன் இறங்கி வருவான். போணி ஆகாம நம்மள அனுப்ப மாட்டான், பாரு."

உண்மைதான். முதலில் வந்தவர் வெறுங்கையோடு போனால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்று அந்தச் சந்தையில் எல்லோரும் நம்புகிறார்கள். ஆனால் இதற்கு இன்னொரு பாதியும் உண்டு. கேட்ட விலைக்குக் கடைக்காரர் இறங்கிவிட்டால், முதல் ஆள் வாங்காமல் போகக் கூடாது.

மம்பெத் கதவைத் திறந்ததும் அம்மா நேராகப் போய் ஒரு பெரிய கறுப்புப் பலகையைத் தட்டினாள். அதில் ஓர் ஓநாய் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பெரிய பூட்ஸையும் காட்டினாள். "ரெண்டும் சேர்த்துச் சொல்லு, தம்பி."

ஓநாயைப் பார்த்ததும் சைகலுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

மம்பெத் ஒரு விலை சொன்னார். அம்மா சிரித்து, அதில் பாதி சொன்னாள். அவர் குறைத்தார். அம்மா பெருமூச்சு விட்டாள். இன்னும் குறைத்தார். அம்மா வாசல் பக்கம் திரும்பினாள்.

"சரிக்கா, நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கோங்க! என் பிள்ளைங்க பட்டினி கிடக்கட்டும்!"

"உனக்கு ஏதுடா பிள்ளைங்க? இன்னும் கல்யாணமே ஆகலையே!"

அதற்குள் சைகல் பூட்ஸைப் போட்டு நடந்து பார்த்தாள். ஒவ்வோர் அடிக்கும் குதிகால் மேலே எழும்பியது. பலகையை நிமிர்த்தினாள். அது மூக்குக்கு மேலே நின்றது.

"அம்மா, குதிகால் தூக்குது."

"ரெண்டு காலுறை போட்டுக்கோ. பெரிசா எடுத்தாத்தான் ரெண்டு வருஷம் வரும்."

"பலகை மூக்குக்கு மேல இருக்கும்மா."

"நீ வளர மாட்டியா?"

"பனி விழறதுக்குள்ளயா?"

அம்மா மம்பெத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சொல்றது புரியுது. ஆனா விலை பேசியாச்சேடி. போணி நேரத்துல எப்படி வேண்டாம்னு சொல்ல?"

மம்பெத்தின் முகம் வாடியது. இந்த விலைக்குக் கொடுத்தால் கைநஷ்டம். கொடுக்காவிட்டால் நாளே நஷ்டம். சைகலுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன்னை நினைத்தும் பாவமாகத்தான் இருந்தது. இன்னொரு பருவம் முழுக்கக் கீழ்ச்சரிவா?

வாசலருகே ஒரு கூடை நிறையக் கையுறைகள் கிடந்தன. சைகல் தன் கையைப் பார்த்தாள். பழைய கையுறையில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

"மாமா, இந்தக் கையுறை என்ன விலை?"

மம்பெத் சொன்னார்.

"சரி, குடுங்க."

மம்பெத் திகைத்துப்போனார். சொன்ன விலைக்கே வாங்கும் ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை. அம்மா மகளின் இடுப்பில் கிள்ளினாள். ஆனாலும் பணத்தைக் கொடுத்தாள். மம்பெத் நோட்டை வாங்கி, மற்றதும் விற்கட்டும் என்று, தொங்கிய பலகைகளையெல்லாம் அதனால் தொட்டுக்கொண்டே கடையைச் சுற்றிவந்தார்.

"போணி ஆயிடுச்சா, மாமா?"

"ஆயிடுச்சு கண்ணு."

"அப்போ ஓநாயை நாங்க எடுக்கலேன்னாலும் உங்களுக்குக் கெடுதல் இல்ல. அந்த விலைக்குக் குடுக்கணும்னு உங்களுக்கும் கட்டாயம் இல்ல. சரிதானே?"

மம்பெத் தலையைச் சொறிந்தார். யோசித்தார். பிறகு ஓநாயை வேகமாகத் தூக்கிப் பழைய இடத்தில் மாட்டினார்.

"போச்சு!" என்றாள் அம்மா. "அந்த விலைக்காகத்தான் இருட்டுல எழுந்து வந்தேன்."

சைகல் நிதானமாகத் தேட ஆரம்பித்தாள். மூலையில் ஒரு பலகை. அதில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஆடு ஒன்று ஈயென்று சிரித்தது. நிமிர்த்திப் பார்த்தாள். சரியாகத் தாடை வரை வந்தது. கீழே ஒரு சின்ன பூட்ஸ். போட்டு இறுக்கிக் கட்டினாள். முழங்காலை மடக்கினாள், குதித்தாள். குதிகால் அசையவில்லை.

"இது போதும், மாமா."

இப்போது போணிக் கவலை இல்லாத மம்பெத் நிமிர்ந்து நின்று ஒரு விலை சொன்னார். அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது.

"மாமா, இந்த ஆடு போன வருஷமும் இதே மூலைலதான் சிரிச்சுது" என்றாள் சைகல்.

"நல்ல பலகைம்மா! ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை…"

"அதுக்கு முந்தின வருஷமும் சிரிச்சுது."

அம்மாவின் கண்கள் பளிச்சிட்டன. "வேறென்ன செய்யும்? தம்பி சொல்ற விலையைக் கேட்டுச் சிரிக்குது!"

மம்பெத்தே சிரித்துவிட்டார். சந்தையில் சிரித்துவிட்டால் விலை குறைக்காமல் முடியாது. குறைத்தார். ஓநாயின் விலையைவிடக் கொஞ்சம் கூடத்தான். வீடு போகும் வரை அம்மா அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

"சின்ன சாமானுக்குப் பெரிய விலையா?"

"ரெண்டு வருஷத்துக்குன்னு வாங்கினா, மொத வருஷம் சேராதும்மா. ரெண்டாவது வருஷம் அது பழசு."

அம்மா பலகையை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

பனி விழுந்தது. மலையடிவாரத்தில் லூபா சைகலின் பூட்ஸை அழுத்திப் பார்த்தார். குதிகாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பலகையைத் தாடையோடு வைத்து அளந்தார்.

"யாரு தேர்ந்தெடுத்தது?"

"நான்தான்."

"இந்த ஆட்டையுமா?"

"ஆடு கூடவே வந்துச்சு."

லூபா சிரிக்காமல் மேல்சரிவைக் கைகாட்டினார்.

சைகல் கம்பியில் தொங்கி வந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். அது ஆடி ஆடி மேலே ஏறியது. கீழே குட்டிப் பசங்களின் சரிவு ஒரு கைக்குட்டை அளவுக்குச் சிறுத்துக்கொண்டே போனது.