காலி நாற்காலிக்கும் சீட்டு

இரண்டு மணி நேரமாக அந்த நாற்காலி காலி.

லாஸ் வேகஸ். போக்கர் போட்டியின் கடைசி மேஜை. மிச்சம் நாலு பேர். வந்திருப்பது மூன்று பேர்.

நாலாவது ஆளான வெர்னன் காலை ஆறு மணிக்குப் அதே ஓட்டலின் பதினாலாவது மாடியில், தன் அறைக் குளியல் தொட்டியில், மண்டை உடைந்து கிடந்தான். பார்த்து அலறியவள் ரொவீனா.

நேற்று இதே வெர்னனிடம் தோற்று ஐந்தாவதாக வெளியேறியவள்.

"ஆஸ்பத்திரி போறதுக்குள்ள செத்துட்டார்," என்றார் டிடெக்டிவ் ஹோபர்ட். கேமரா அறையில் அவள் எதிரே டோநட் தின்றுகொண்டிருந்தார். "விஷயத்தை அமுக்கி வெச்சிருக்கேன். வயிறு சரியில்லை, லேட்டா வருவார்னு மத்தவங்களுக்குச் சொல்லியாச்சு. நீங்க சொல்லுங்க மேடம்... அவர் ரூம்ல உங்களுக்கு என்ன வேலை?"

"சொல்ல மாட்டேன்."

"எதிரியோட ரூம். சாவி உங்க கையில. விலங்கு என் பையில. உங்க கையையும் விலங்கையும் ரொம்ப நேரம் பிரிச்சு வைக்க முடியாது."

ரொவீனா பதினெட்டு வருடமாகப் போக்கர் ஆடிப் பிழைப்பவள். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் முகம் அசையாது. கண் திரையில் இருந்தது. மேஜைக்குள் பதித்த கேமராக்கள் எல்லோருடைய சீட்டையும் காட்டின.

ஆள் வராவிட்டாலும் அவனுக்குச் சீட்டு விழும். ஒவ்வொரு சுற்றிலும் கட்டாயப் பந்தயத்துக்கு அவன் பணச் சில்லுகள் கரையும். வெர்னனின் குவியல் இன்னும் அரை மணி தாங்கும். வந்திருந்த மூவரில் கர்ட்டிஸ் என்பவனின் குவியல் அதைவிட ஒரு விரற்கடை உயரம்.

"டிடெக்டிவ், வெர்னன் லிஃப்ட்ல வந்துட்டிருக்கார்னு அறிவிக்கச் சொல்லுங்க."

"பொணமா?"

"சொல்லித்தான் பாருங்களேன்."

அறிவித்தார்கள். இரண்டு பேர் வாசலைப் பார்த்தார்கள்.

கர்ட்டிஸ் திரும்பவே இல்லை. அவன் கையில் இரண்டு ராஜாக்கள்...

ஆடாமல் தூக்கிப் போட்டுவிட்டான்.

"அவன்தான்," என்றாள் ரொவீனா.

"எனக்கு ரம்மியே தகராறு. புரியும்படியா சொல்லுங்க."

"கையிருப்பு கம்மியா இருக்கறப்ப ரெண்டு ராஜா வந்தா, பச்சைக் குழந்தைகூட மொத்தத்தையும் வெச்சு ஆடும். வெர்னன் வர்றார்னு கேட்டும் இவன் ஆடலை. காலி நாற்காலி முதல்ல கரையட்டும், சும்மா உக்காந்தே நாலாவது பரிசுலேர்ந்து மூணாவதுக்குப் போயிடலாம்னு காத்திருக்கான். வெர்னன் வரவே மாட்டார்னு தெரிஞ்சவனாலதான் அப்படிக் காத்திருக்க முடியும்."

ஹோபர்ட் டோநட்டைக் கீழே வைத்தார். மேஜைக்குப் போனார். கர்ட்டிஸின் தோளில் கை வைத்தார்.

"ஒரு தள்ளுதான் சார்... தொட்டி விளிம்புல அடிபடும்னு எனக்கென்ன தெரியும்," என்றான் கர்ட்டிஸ், யாரும் எதுவும் கேட்காமலே.

ஹோபர்ட் திரும்பி வந்து டோநட்டை எடுத்துக்கொண்டார்.

"மேடம், நானும் ஒரு பொய் சொல்லிட்டேன். வெர்னன் சாகலை. தையல் போட்டுப் படுத்திருக்கார். நீங்க என்ன செய்யறீங்கன்னு பார்க்கத்தான் அப்படிச் சொன்னேன். இப்பதான் கண்ணு முழிச்சாராம், முதல் வேலையா 'என் சில்லு எவ்வளவு மிச்சம்?'னு கேட்டாராம்."

ரொவீனாவின் முகம் அசைந்தது. உதடு துடித்தது. மேஜையில் தலை சாய்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

ஹோபர்ட் மிரண்டுபோனார்.

"பொழைச்சதுக்கா அழறீங்க? அந்த ரூமுக்கு ஏன் போனீங்கன்னு இப்பவாவது சொல்லுங்களேன்."

"சொன்னா, சேர்ந்து திட்டம் போட்டு ஆடினோம்னு பரிசைப் பிடுங்கிட்டு ரெண்டு பேரையும் துரத்திடுவாங்க."

"அவர் உங்க எதிரியாச்சே மேடம்?"

"எதிரிதான்," என்றாள் கண்ணைத் துடைத்தபடி. "போன செவ்வாய்க்கிழமைதான் கல்யாணம் பண்ணிக்கிட்டோம்."