ஒரு பெஞ்சு குறைந்த அறை

ஐந்தாவது பெஞ்சைப் போட்டதும் அறை முடிந்துவிட்டது. ஜெயபாய் நம்பாமல் பெஞ்சை இன்னொரு தடவை தள்ளினாள். பின்சுவரில்தான் இடித்தது. இருபது வருடமாக இந்த மிஷன் பள்ளியில் பாடம் நடத்துகிறவள் அவள். ஒன்றாம் வகுப்பில் ஆறு பெஞ்சு போட்டாலும், பின்னால் பிள்ளைகள் ஈரக்குடையை விரித்து வைக்க இடம் மிச்சமிருக்கும்.

"ஆறாவது பெஞ்சு எங்க சாரே?"

"அஞ்சே உண்டாயிருந்நுள்ளூ," என்றார் போலீஸ் ஏட்டு. அஞ்சுதான் இருந்ததாம். வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்று, கையெழுத்துக்காகக் காகிதத்தை நீட்டினார். "ஒப்பிடின் டீச்சரே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு உப்பு போதுமா என்று கேட்கிற ஜாதி! திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி நடந்த எல்லைப் போராட்டம் சூடுபிடித்த ஆகஸ்டில், தமிழ்ப் பள்ளிக்கூடம்தானே என்று குன்னத்துகால் பக்கத்து இந்தக் கட்டடத்தைப் போலீஸ் முகாமாக்கினார்கள். ஊர்வலம் போன நான்கு பேரை இங்கேதான் இழுத்துவந்தார்கள். மூன்று பேர் அவளிடம் படித்தவர்கள். நான்காவது ஆள் அவள் தம்பி ஞானையன். அன்றைக்கே விட்டுவிட்டோம், திருநெல்வேலிப் பக்கம் ஓடியிருப்பான் என்றார்கள். இரண்டு மாதமாகிறது.

காகிதத்தில் இரண்டே வரி. கட்டடம் சேதமில்லாமல் கிடைத்தது. உள்ளே வைத்திருந்த நால்வரும் வெளியேறியதைக் கண்ணால் பார்த்தேன். கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை பள்ளி திறக்கும். போடாவிட்டால் இது நிரந்தரமாகப் போலீஸ் ஸ்டேஷன். தம்பி மனைவி ஆலீஸ் காலையிலேயே வந்து அழுதாள். "போடாதீங்க மைனி. போட்டா அவிய போனதுதான்ணு ஆயிரும்."

மணி நாலுதான். ஆனால் ஐப்பசித் துலாமழை மேகம் இறங்கி அறை இருண்டுகொண்டு வந்தது. ஓட்டில் முதல் தூறல் விழுந்தது. மற்ற மூன்று சுவர்களிலும் புதிதாக அடித்த வெள்ளை காய்ந்து விரலில் பொடியாக ஒட்டியது. பின்சுவர் மட்டும் ஈரமாகவே இருந்தது, சுண்ணாம்பு நெடிக்கு அடியிலிருந்து பரணில் எலி செத்தால் வருகிற இனித்த நாற்றம் மெல்ல மெல்ல ஏறி அவள் தொண்டையில் உட்கார்ந்தது. உள்ளங்கையை வைத்தாள். சுவர் இளஞ்சூடாக இருந்தது.

அந்தப் பக்கம் ஏதோ உரசியது. அவள் முட்டி உயரத்தில். மெதுவாக. கையை எடுத்தாள், நின்றது. வைத்தாள், மறுபடியும்.

"என்ன சத்தம் சாரே அது?"

"எலியாக்கும்." ஏட்டு காகிதத்தை இன்னும் முன்னால் நீட்டினார். "வேகம் ஒப்பிடின். ஞான் அகத்து வரில்ல." உள்ளே வரமாட்டாராம்.

நாலு உயிரை ஒளிக்க இவர்களுக்குக் கல் கிடைத்திருக்கிறது, கொத்தன் கிடைத்திருக்கிறான், மேலே பூச வெள்ளையும் கிடைத்திருக்கிறது. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பயமும் இருந்தது. ஆத்திரம் அதைவிடப் பெரிதாக இருந்தது. காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்தாள். வராந்தாவில் சுண்ணாம்பு குழைத்த மண்வெட்டி கிடந்தது. எடுத்துவந்து ஓங்கி வெட்டினாள்.

"டீச்சரே, வேண்டா!"

இரண்டாவது வெட்டு. பூச்சு பாளமாக விழுந்தது. பூட்ஸ் காலடி முற்றத்தில் ஓடியது. கேட் அடித்துச் சாத்திக்கொண்டது. அதோடு ஏட்டு போய்விட்டார்.

மூன்றாவது. நாலாவது. ஒரு கல் உள்ளே விழுந்தது.

உரசல் நின்றது.

ஓட்டையில் முகத்தை வைத்தாள். இருட்டு. நாற்றம் கண்ணைக் கரித்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. ஆறாவது பெஞ்சு. அதில் நான்கு முதுகுகள். முகங்கள் பழைய சுவரைப் பார்த்திருந்தன. கழுத்துகளில் வெள்ளைப் பூஞ்சை. ஓரத்தில் ஆலீஸ் தைத்துக் கொடுத்த நீலச் சட்டை.

"மக்கா," என்றாள். "ஞானையா."

டீச்சரின் குரல் கேட்டதும் நால்வரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள்.

உட்காரச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.