கருநாகம் அழுத ஞாயிறு

மென்னிலத்தில் காபிக்கு முன்னால் முதுகெலும்பு. அதுதான் அங்கே வழக்கம். எழுந்ததும் கட்டிலோரத்து மின்மாடத்தில் மின்னேறிக் கிடக்கும் எலும்புச் சரத்தை எடுத்து, பிடரியிலிருந்து இடுப்புவரை பதித்திருக்கும் கொக்கிகளில் ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்வார்கள். மாட்டி முடித்ததும் உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடி அடங்கும். பல் விளக்குவது, சாமி கும்பிடுவது, பக்கத்து அறைக்காரரோடு சண்டை பிடிப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நிலாவின் நிழல்பக்கப் பள்ளம் ஒன்றில் கூரை போட்டுக் கட்டிய ஊர் அது. பூமியில் ஆறு கிலோ கனப்பது அங்கே ஒரு கிலோதான் கனக்கும். அதனால் மூட்டு தேய்ந்தவர்களும் முதுகு ஒடிந்தவர்களும் கடைசிக் காலத்தைக் கழிக்க அங்கே வந்து சேர்ந்தார்கள். பர்னபாஸும் அப்படி வந்தவர்தான். மற்றவர்களுக்கு வயதால் ஒடிந்த முதுகு அவருக்குத் தொழிலால் ஒடிந்திருந்தது.

அன்று காலை அவர் சிற்றுண்டிக் கூடத்துக்குள் நுழைந்தபோது எல்லோருடைய பார்வையும் சுவர்த்திரையின் வலது மூலையில் இருந்தது. படத்தைவிட அந்த மூலையைத்தான் ஜனங்கள் அதிகம் பார்ப்பார்கள். அங்கேதான் மெய்விளக்கு எரியும். பொய்ப்படங்கள் பெருகி, செத்தவர்கள் ஓட்டுக் கேட்டும் பிறக்காதவர்கள் சாட்சி சொல்லியும் உலகம் அல்லோலகல்லோலப்பட்ட பிறகு வந்த ஏற்பாடு அது. தோலுக்கடியில் ரத்தம் ஓடும் நிறம், கண்மணியின் விரிவு, குரலின் நடுக்கம் இவற்றை அளந்து, மெய் என்றால் பச்சை காட்டும். நடிப்பு என்றால் மஞ்சள். மஞ்சள் எரிந்த எதையும் அந்தத் தலைமுறை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கதைப்படங்கள் செத்தே போயின. "பொய்னு தெரிஞ்சும் எப்படித்தான் உக்காந்து பாத்தாங்களோ!" என்று பழங்காலத்தவர்களைப் பற்றிச் சிரிப்பார்கள்.

பர்னபாஸ் அந்தப் பழங்காலத்தவர். நாற்பது வருஷத்துக்கு முன்னால் தொலைக்காட்சியில் 'ஞாயிறு மற்போர்' என்றொரு நிகழ்ச்சி ஓடியது. சாயங்காலம் அது தொடங்கினால் தூத்துக்குடித் தெருக்களில் ஆள் நடமாட்டம் இருக்காது. அதில் அவர்தான் 'கருநாகம்'. கறுப்புச் சட்டையும் கண்ணைச் சுற்றி மையுமாக வந்து நடுவரின் காலை வாரிவிடுவார், எதிராளியின் கண்ணில் மிளகாய்ப் பொடி தூவுவார், கடைசியில் 'வெண்சிங்க'த்திடம் அடி வாங்கி ஓடுவார். வெண்சிங்கம் வேலாயுதம். இருவரும் ஒரே தெருக்காரர்கள், ஒரே உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கியவர்கள். பிடிக்குள் கிடக்கும்போது ஒருவர் காதில் ஒருவர் அடுத்த அடியைச் சொல்லிக்கொள்வார்கள். சண்டை முடிந்து இருவரும் ஒரே கடையில் புரோட்டா சாப்பிடுவார்கள். ஆனால் வேறு வேறு வழியாகப் போய், உள் அறையில் திரைபோட்டு உட்கார்ந்துதான். கருநாகமும் வெண்சிங்கமும் ஒரே தட்டில் சால்னா ஊற்றிக்கொள்வதை யாராவது பார்த்துவிட்டால் பிழைப்பு போய்விடும்.

அப்படி ஒரு ஞாயிறு. மேல்கயிற்றின் மீதேறிக் குதித்த வேலாயுதத்தின் கால் வழுக்கியது. கழுத்து முதலில் தரையில் பட்டது. அந்தச் சத்தம் பர்னபாஸுக்கு மட்டும்தான் கேட்டது. அவர் மண்டியிட்டு, நண்பனின் தலையை மடியில் ஏந்திக்கொண்டு, "டாக்டரக் கூப்பிடுங்க! ஏய், நெசமாத்தாம்லே, யாராவது வாங்க!" என்று கதறினார். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. கருநாகம் அழுகிறது, இது புதிய தந்திரம். ஒளிப்பதிவாளன் ஓடிவந்து அவருடைய கண்ணீரை நெருக்கத்தில் எடுத்தான். நடுவர் உண்மையை உணர்ந்து வைத்தியரை அழைத்தபோது காலம் கடந்திருந்தது.

போலீஸ் விசாரித்து விபத்து என்றது. ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. பொறாமையில் முறித்துவிட்டான் என்று பேசியது. வேலாயுதத்தின் மனைவி தங்கபுஷ்பமும் அதை நம்பினாள். மயானத்துக்குத் தோள் கொடுக்கப் போனவரைப் பார்த்து, "இனிமே என் மொகத்துல முழிக்காதிய" என்றாள். முழிக்காமல்தான் இருந்தார். விதி, முட்டி தேய்ந்த அவளையும் மகன் மூலமாக அதே மென்னிலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. நடைகூடத்தில் எதிரே வந்தால் அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பாள். அவர் தலைகுனிந்து தாண்டிப் போவார்.

இந்த நிலையில்தான் மெய்யுறுதி வாரியம் பழைய ஒளிபரப்புகளையெல்லாம் அளந்து விளக்குப் போடத் தொடங்கியது. பர்னபாஸ் வாரியத்துக்குப் போய், அந்த ஞாயிற்றுக்கிழமையை அளக்கச் சொல்லி மன்றாடினார். அன்று காலை கூடத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

அவர் ஓரமாக நின்று பார்த்தார். கருநாகம் உறுமியது, மஞ்சள். வெண்சிங்கம் துடித்தது, மஞ்சள். முகத்தில் குத்து, மஞ்சள். கூடத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள். வேலாயுதம் கயிற்றில் ஏறினான்; வழுக்கினான். விளக்கு அணைந்து, பச்சையாக எரிந்தது. பர்னபாஸ் கதறிய நேரம் முழுக்க அது அசையாமல் எரிந்தது. கொட்டாவி விட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறுநாள் அவர் அறைக்கதவு தட்டப்பட்டது. திறந்தால் தங்கபுஷ்பம். இந்தமுறை சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

"அண்ணாச்சி," என்றாள்.

"உள்ள வாங்க தங்கச்சி. நிக்காதிய, முட்டி வலிக்கும்."

"இத்தன வருசமும் ஒங்கள வஞ்சுக்கிட்டே கெடந்தேனே. நீங்க ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"சொன்னா நம்பியிருப்பியளா?"

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று அவர்கள் வேலாயுதத்தைப் பற்றியே பேசினார்கள். அவன் புரோட்டாவைப் பிய்க்கும் விதம், குறட்டை, நடுவரிடம் திட்டு வாங்கியது. பர்னபாஸ் நாற்பது வருஷத்தில் முதல்முறையாக வயிறு குலுங்கச் சிரித்தார்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. பச்சை எரிந்துவிட்டது அல்லவா? நடிப்பின் நடுவில் நிஜமான சாவு. நிலாவும் பூமியும் அதைத்தான் பார்த்தன. கூடத்தில் காலைப் பலகாரத்தோடு பார்த்தார்கள். கழுத்து மடங்கும் இடத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். பிடரியில் ஒட்டிக்கொண்டால் விழுகிறவனின் அதிர்ச்சியை லேசாக உணர்த்தும் வட்ட வில்லை ஒன்று விற்பனைக்கு வந்தது. முன்பின் தெரியாதவர்கள் பர்னபாஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "என்னா அழுகை சார்! சுத்தப் பச்சை! நான் பத்து தடவ பாத்துட்டேன்" என்றார் ஒருவர், வாயில் வடையோடு.

தங்கபுஷ்பம் அறையை விட்டு வெளியே வருவதை நிறுத்தினாள். அவர் போய்ப் பார்த்தபோது திரைக்கு முன்னால் போர்வையைத் தொங்கவிட்டிருந்தாள். பக்கத்து அறையிலிருந்து அந்தக் கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவிய ஒரு தடவதான் செத்தாவன்னு மனச ஆத்திக்கிட்டிருந்தேன். இப்ப தெனமும் சாகுதாவ அண்ணாச்சி. காப்பி குடிச்சுக்கிட்டே பாக்காவ. நிறுத்தச் சொல்லுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

இருவரும் வாரியத்துக்குப் போனார்கள். அதிகாரி இளவெயினி மரியாதையாக உட்கார வைத்தாள், பொறுமையாகக் கேட்டாள்.

"அம்மா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா பச்சை எரிஞ்சதை மறைக்கச் சட்டத்துல இடமே இல்ல. உண்மையை ஒளிச்சு வெச்சுதான ஒரு காலத்துல உலகமே கெட்டுது?"

"அப்ப இத நிறுத்த வழியே கெடையாதா?" என்றார் பர்னபாஸ்.

"மஞ்சள் ஆனா தானா நின்னுடும். யாரும் பாக்க மாட்டாங்க. பழைய படத்துல நாங்க செய்யுறது கணிப்புதான்; விழுந்தவர் முகம் அதுல சரியாத் தெரியல, உங்க அழுகைய அளந்துதான் பச்சை போட்டோம். அதுல இருந்தவரே நேர்ல வந்து விளக்கு முன்னாடி உக்காந்து, அது நடிப்புன்னு சொல்லி, அந்தச் சொல்லுக்குப் பச்சை எரிஞ்சா, கணிப்பை மாத்திடுவோம்." சொல்லிவிட்டு இளவெயினி இரக்கத்தோடு சிரித்தாள். "ஆனா அது நடிப்பு இல்லையே ஐயா. விளக்கை ஏமாத்த முடியாது."

பர்னபாஸ் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப வரட்டும்?" என்று கேட்டார்.

மற்போரில் முதல் பாடம் விழக் கற்பது. அடுத்தது, வலிக்காதபோது வலிப்பது. அதற்கும் மேலே ஒரு பாடம் உண்டு. வெகு சிலருக்கே அது கைவரும். வலிக்கும்போது வலிக்காமல் இருப்பது. விலா எலும்பு முறிந்த நிலையில் பர்னபாஸ் ஒருமுறை அரங்கம் முழுக்கச் சிரித்துக்கொண்டே வலம் வந்திருக்கிறார். மேடை ஏறுவதற்கு முன் ஒரு மூச்சை ஆழமாக இழுத்து விடுவார். அந்த மூச்சோடு பர்னபாஸ் வெளியே போய்விடுவார். உள்ளே நிற்பது கருநாகம். அதற்கு நண்பன் இல்லை, தெரு இல்லை, ஒரே தட்டில் சால்னா இல்லை.

வாரியத்தின் விசாரணைக் கூடத்தில் சனம் நிறைந்திருந்தது. பின்வரிசையில் தங்கபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள். விளக்கை அவர் முகத்துக்கு நேரே கொண்டுவந்து வைத்தார்கள். பர்னபாஸ் மூச்சை இழுத்தார், விட்டார்.

"அன்னைக்கு நீங்க அழுதது பத்திச் சொல்லுங்க," என்றாள் இளவெயினி.

"நடிச்சேன்."

குரல் கல்லைப் போல விழுந்தது.

"அவன் விழுந்ததும் கழுத்து போயிட்டுன்னு எனக்குத் தெரியும். சந்தோசமாத்தான் இருந்துச்சு. எப்பப் பாத்தாலும் அவனுக்கே கைதட்டல். கேமரா கிட்ட வந்துச்சா, அழுது வச்சேன். அன்னைக்குத்தான் எனக்கும் கை தட்டுனாவ. ஒரு சொட்டுக்கூட நெசம் கெடையாது."

விளக்கு ஒரு நொடி தயங்கியது. பிறகு பச்சையாக எரிந்தது.

கூடம் சலசலத்தது. "சீ!" என்றது ஒரு குரல். அன்று வாயில் வடையோடு அவர் கையைக் குலுக்கியவர் எழுந்து, "அப்பவே எனக்கு ஒரு சந்தேகம்" என்றார். இளவெயினி அவர் முகத்தைப் பார்க்காமல் முடிவை வாசித்தாள். அந்த ஞாயிறு தொடக்கம் முதல் கடைசிவரை மஞ்சளானது. மத்தியானத்துக்குள் கூடத்துச் சுவர்த்திரையில் வேறு ஏதோ ஓடியது. பச்சை எரியும் ஒரு விமான விபத்து. வேலாயுதத்தை எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

பர்னபாஸ் வெளியே வந்தபோது நடைகூடத்தில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவர் துப்பினார், நிலாவில் அது மெதுவாகத்தான் தரையில் விழுந்தது. தங்கபுஷ்பம் காத்துக்கொண்டிருந்தாள். இருவரும் சேர்ந்து நடந்தார்கள். அவள் குடியிருப்புக்குத் திரும்பும் முனை வந்ததும் நின்றாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கப்படாது."

"கேளுங்க."

"எனக்காவத்தான் இப்படிப் பழியத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டிய. அது எனக்குத் தெரியும். ஆனா அந்த வெளக்கையே ஏமாத்திட்டிய. இன்னைக்கு ஏமாத்த முடியும்னா..." சொல்லத் தயங்கினாள். "அன்னைக்கு நீங்க அழுததுக்கு எரிஞ்ச பச்சை?"

பர்னபாஸ் இதை யோசித்திருக்கவில்லை. நாற்பது வருஷம் கழித்து அவர் பக்கம் பேச ஒரே ஒரு சாட்சியாக அந்த விளக்கு கிடைத்தது. சற்றுமுன் ஊரறிய அதைப் பொய்ச்சாட்சி ஆக்கிவிட்டு வந்திருந்தார். இனி எந்த விளக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்து என்ன சொல்வது?

"அன்னைக்கு அழுதது நெசம், தங்கச்சி," என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு முகவாயை நிமிர்த்தினாள், புன்னகைத்தாள்.

"நம்புதேன் அண்ணாச்சி. எனக்குத் தெரியாதா ஒங்கள?"

எதிராளியின் தோள் அசைவிலிருந்து எது நிஜ அடி, எது பாவலா என்று பிரித்துப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. 'நம்புதேன்' என்பதற்கு முன்னால் விழுந்த சிறிய இடைவெளியைக் கண்டார். புன்னகை உதட்டுக்கு வந்து, கண்ணுக்குப் போகாமல் நின்றதைக் கண்டார். வேலாயுதம் இப்படித்தான் செய்வான். பர்னபாஸின் கை குறி தவறிக் காற்றில் போனால்கூட, பட்டதுபோலச் சுருண்டு விழுந்து, அடித்தவனின் மானத்தைக் காப்பாற்றுவான்.

நல்ல நடிப்பு. மனசார, அன்போடு செய்த நடிப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அரங்கம் நிறைய உட்கார்ந்திருந்தார்களே, அது நடிப்பென்று அவர்களுக்கு மட்டும் தெரியாதா என்ன? தெரிந்துதான் தொண்டை கிழியக் கத்தினார்கள். தெரிந்துதான் வெண்சிங்கத்துக்காக நேர்ந்துகொண்டார்கள், கருநாகத்தைச் சபித்தார்கள். பர்னபாஸ் இப்போது அவர்களைப் போலவே அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

"இது போதும் தங்கச்சி."

"நாளைக்கு மத்தியானம் சாப்பிட வாங்க. புளிக்கொழம்பு வைக்கேன்," என்றாள் அவள், அவர் கண்ணைப் பார்க்காமல்.

"வாரேன்," என்றார் பர்னபாஸ்.