வாய்க்கால் வழக்குக் கேசட்

காலை பத்தேகால். ஆவணக் காப்பகத்தின் ஒலி அறையில் ஒரு குட்டிக் கேசட்டைக் காணோம்.

நீதிபதியாக இருந்து, மந்திரியாகி, கடைசியில் நாட்டுக்கே பெரியவராகிவிட்ட ஒருவரின் சொந்தக் காகிதங்கள் அங்கே இருந்தன. வீட்டில் உட்கார்ந்து அவர் சொல்லிப் பதிந்த தீர்ப்புகள் மட்டும் ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகள். மறுநாள் அவை இரைச்சல் நீக்கும் ஒலிச் சுத்தத்துக்குப் போக வேண்டும்.

“என் வேலை போச்சு மேடம்,” என்றார் காப்பாளர்.

“போகும்போது பார்த்துக்கலாம். எந்தக் கேசட்?” என்றாள் இன்ஸ்பெக்டர்.

“அதுதான் கூத்து. ஆட்சியையே கவிழ்த்த தீர்ப்பு பக்கத்துலயே இருக்கு. அதைத் தொடல. ரெண்டு பேர் வாய்க்கால் தண்ணிக்கு அடிச்சுக்கிட்ட வழக்கைத் தூக்கிட்டுப் போயிருக்காங்க.”

தங்கத்தை விட்டுவிட்டுத் தகர மூடியைத் திருடுகிறவன் முட்டாளாக இருக்கலாம். அல்லது தனக்கு என்ன வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தவனாக இருக்கலாம். இன்ஸ்பெக்டர் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். நாற்காலிக்கு இடது பக்கம் இழுத்துப் போட்ட ஒரு மிதி.

“இது எதுக்கு?”

“கேட்டுக்கிட்டே டைப் அடிக்கறவங்களுக்கு. மிதிச்சா ஓடும், காலை எடுத்தா நிக்கும். இப்ப யாரு மிதிக்கறா? பட்டனைத் தட்டறோம்.”

முந்தைய நாள் அந்த அறையில் தனியாக இருந்தவர்கள் மூன்று பேர். வெளியே போகும்போது மூவரின் பையையும் சோதித்திருந்தார்கள்.

பெரியவரின் வரலாற்றை எழுதும் பேராசிரியர் கால் மேல் கால் போட்டு வலது காலை ஆட்டினார். “வாய்க்கால் எனக்கு எதுக்குங்க? நான் எழுதறது சரித்திரம்.”

“சரித்திரத்துல யாரும் தண்ணி குடிக்க மாட்டாங்களா?”

கால் நின்றது.

அடுத்து பெரியவரின் ஒரே மகள். காதோரம் நரைத்திருந்தது. “அம்மா போகும்போது எனக்கு மூணு வயசு. நல்லதா ஒரு போட்டோ கிடைக்குமான்னு வந்தேன். கேசட்ல அப்பா கத்தறதுதானே இருக்கும்? அதை ஆயுசுக்கும் கேட்டாச்சு.”

“மெதுவாப் பேசவே மாட்டாரா?”

“அது அவருக்கு வராதுங்க.”

கடைசியாக, பெரியவரிடம் சுருக்கெழுத்தராக இருந்தவர். சீட்டு உதிர்ந்த கேசட்டுகளை அடையாளம் சொல்ல வந்தவர். கைத்தடியைச் சாய்த்துவிட்டு, வலது காலை விறைப்பாக நீட்டி உட்கார்ந்தார்.

“கால்ல என்ன ஐயா?”

“முட்டி மடங்காதும்மா. வாலிபத்துல விழுந்தது. கால்தான் இப்படி, காது பாம்புக் காது. ஐயா சொன்னதுல ஒரு வார்த்தை விட்டிருப்பேனா?”

வாய்க்கால் வழக்கின் டைப் பிரதியை இன்ஸ்பெக்டர் வாங்கிப் படித்தாள். மூன்று பக்கம் பிசிறில்லை. நான்காம் பக்கத்தில் ஒரு வரியின் மேல் வரிசையாகப் பெருக்கல் குறி தட்டி அதை அடித்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகு கடைசி வரை அங்கங்கே ‘கேட்கவில்லை’, ‘கேட்கவில்லை’.

“டேப் பழசு மேடம்,” என்றார் காப்பாளர்.

மாலை நான்கு. பேராசிரியரை அனுப்பிவிட்டு மகள், முதிய சுருக்கெழுத்தர், காப்பாளர் மூவரையும் ஒலி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

“டேப் இப்பதான் பழசு. இதை டைப் அடிச்சப்ப அது புத்தம் புதுசு. பாம்புக் காதுக்காரர் கேட்டு டைப் அடிச்சது. அப்புறம் ஏன் கேட்கல? பேசினவர் குரலைத் தணிச்சிருக்கார். ஊரே அதிரப் பேசறவர் ஏன் தணிச்சார்? அடிச்ச வரியை வெளிச்சத்துல பிடிச்சேன். ‘பாப்பா’ன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சுது.” அவள் முதியவரைப் பார்த்தாள். “மிதியை இடது பக்கம் இழுத்துப் போட்டது நீங்கதான் ஐயா. வலது முட்டி மடங்காதவருக்கு வேற வழியில்ல. கேசட் எங்கே?”

முதியவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். உள்ளே கேசட்.

“சுத்தம் பண்ணினா ஐயா குரலைத் தவிர எல்லாத்தையும் எடுத்துடுவாங்களாம். அப்புறம் அசலை இருபத்தஞ்சு வருஷம் பூட்டி வெப்பாங்களாம். அதுவரைக்கும் யாரு இருக்கப் போறா?”

“ஆபீஸ்ல கேட்டிருக்கலாமே.”

“எழுதிக் குடுத்தேன். ‘பின்னணி இரைச்சல் நீக்கப்படும்’னு பதில் வந்துது.”

காப்பாளர் தரையைப் பார்த்தார்.

“பாப்பாகிட்ட நேராக் குடுத்திருக்கலாம். ஆனா இதைப் போடற மெஷின் எவன்கிட்டயும் இல்ல. காலையிலேருந்து கடைகடையா அலைஞ்சேன். அதுக்குள்ள நீங்க ஆள் அனுப்பிட்டீங்க.”

“பாப்பாவா? யாரு, நானா?” என்றாள் மகள்.

முதியவர் கேசட்டைப் போட்டு, ஹெட்போனை அவள் காதில் மாட்டி, இடது காலால் மிதித்தார். ஹெட்போனை மீறி வெளியே வந்து அதிர்ந்தது பெரியவரின் குரல். மதகு, கரை, பாத்தியதை. திடீரென்று அடங்கியது.

மகள் இரண்டு கைகளாலும் ஹெட்போனை அழுத்திக்கொண்டாள்.

“என்ன சொல்றாங்க?” என்றாள் இன்ஸ்பெக்டர்.

“அம்மா. ‘மெதுவாப் பேசுங்களேன், இப்பத்தான் பாப்பா தூங்கினா.’ அப்பா... அப்பா ‘சரி சரி’ங்கறார்.” அவள் கண்ணை மூடினாள். “மீதித் தீர்ப்பையும் ரகசியமாத்தான் சொல்றார்.”

“உங்களைத் திட்டிக்கிட்டேதாம்மா டைப் அடிச்சேன்,” என்றார் முதியவர். “அத்தனை ‘கேட்கவில்லை’க்கும் ஐயாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.”

அவள் சிரித்தாள், கன்னம் நனைந்தபடி. ஒரு விரலைத் தூக்கினாள்: இன்னொரு தடவை. இடது கால் மிதித்தது.

காப்பாளர் தொண்டையைக் கனைத்தார். “மேடம், நாளைக்கு இந்த ஒண்ணை மட்டும் சுத்தத்துக்கு அனுப்பலன்னு நான்...”

“மெதுவாப் பேசுங்க,” என்றாள் இன்ஸ்பெக்டர்.