நாலாவது கார்டு

வந்தது மூன்று பேர். முள்மரக் கிளையில் தொங்கியது நான்கு கார்டுகள்.

தன் கார்டை மாட்டிவிட்டுத் திரும்பிய பகலவன் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தான். நான்குதான்.

"ஜெபா, நீ ரெண்டா மாட்டிக்கீற?"

"ஒரு கழுத்துக்கு ரெண்டு கார்டு இன்னாத்துக்குடா?" ஜெபகுமார் ஏற்கெனவே இடுப்பளவு தண்ணீரில் நின்று சிரித்தான்.

கரையில் நின்ற தசரதனையும் சேர்த்து மூவரும் ஒரகடத்தில் கார் பாகங்களை அடித்தெடுக்கும் கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஆட்கள். அங்கே ஒரு சட்டம் உண்டு. மெஷினுக்குள் தலையை விடுவதற்கு முன்னால் கழுத்திலிருக்கும் கார்டைக் கழற்றி ஸ்விட்ச் போர்டில் மாட்டிவிட வேண்டும். கார்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். கார்டை எடுத்துவிட்டால் ஆள் வெளியே வந்துவிட்டான் என்று அர்த்தம். மாட்டியவன்தான் எடுக்க வேண்டும். மேனேஜரே ஆனாலும் அடுத்தவன் கார்டில் கை வைக்கக் கூடாது. போன மழைக்கு எந்தக் கம்பெனி ஆளோ ஒருத்தன் இந்தக் குவாரியில் குளிக்க இறங்கினானாம், கூட வந்தவர்கள் தலையை எண்ணாமல் கிளம்பிவிட்டார்களாம், உடம்புகூடக் கிடைக்கவில்லையாம். டீக்கடைப் பேச்சுதான், யாருக்குத் தெரியும். ஆனாலும் அதைக் கேட்டதிலிருந்து இவர்களும் தண்ணீரில் இறங்குமுன் கார்டைக் கிளையில் மாட்டினார்கள். கிளை காலியானால்தான் வண்டியை எடுப்பது.

வாலாஜாபாத் ரோட்டிலிருந்து உள்ளே ஒடிந்துபோகும் மண்பாதை முடிகிற இடத்தில், கல் வெட்டிக் கைவிட்ட அந்தப் பள்ளம், ஐப்பசி மழையில் மேலே இருக்கும் ஏரி நிரம்பி வழிந்தால் மட்டும் அருவியாகிவிடும். நாற்பதடி பாறையிலிருந்து நுரைத்து விழுகிற தண்ணீரும், அதற்குப் பின்னால் வெடிவைத்துப் பிளந்ததில் உண்டான குகையும், கீழே பாசி மணக்கிற பச்சைத் தண்ணீரும் என்று, நாலு மணி வெயிலில் பார்த்தால் ஊட்டி கொடைக்கானல் எல்லாம் எதற்கு என்று தோன்றும். முதல் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார்கள்.

பகலவன் அந்த நாலாவது கார்டைப் புரட்டினான். கயிறு காய்ந்து விறைத்திருந்தது. பிளாஸ்டிக்குக்குள் தண்ணீர் புகுந்து, பெயரையும் நம்பரையும் தின்றிருந்தது. போட்டோவில் சட்டைக் காலரும் கழுத்தும் மிச்சமிருந்தன. கழுத்துக்கு மேலே வெறும் வெள்ளை.

"உடு மச்சான், எவனோடதோ கீது," என்றான் தசரதன்.

காலையில்தான், வேலை முடிந்தும் மெஷினில் மாட்டிய பழைய டேக்கை ஏன் கழற்றாமல் விட்டாய் என்று சூப்பர்வைசர் லைன் முழுக்கப் பார்க்கப் பகலவனைக் கிழித்திருந்தார். அந்தக் கடுப்பு இன்னும் கையில் இருந்தது. வெடுக்கென்று கார்டை உருவிப் பாறைமேல் எறிந்தான்.

"எவன் வரப்போறான் இத்த எடுக்க?"

இறங்குமுன் மனைவி இசைவாணிக்கு போன் போட்டான். எப்போதும்போல ஸ்பீக்கரில். எட்டு மாதப் பாப்பா பின்னணியில் தட்டையோ எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் வந்துடு மாமா. பாப்பாவுக்குத் தண்ணி ஊத்த எனக்குக் கை நடுங்குதுன்னு தெரியும்ல?"

"நீ ஊத்தாத. ஆறு மணிக்குள்ள வூட்ல இருப்பேன். டப்புல வெந்நி மட்டும் வை."

சனிக்கிழமைக் குளியல் அவனுடையது. அந்தக் குட்டித் தலையை இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு தண்ணீர் ஊற்றுகிற அரை மணி நேரத்துக்காகத்தான் வாரம் முழுக்க ஓ.டி. பார்க்கிறோம் என்றுகூட அவனுக்குத் தோன்றும்.

தண்ணீர் மேலே சூடாகவும் முழங்காலுக்குக் கீழே ஐஸாகவும் இருந்தது. நீந்திக்கொண்டே அருவி ஓரமாகப் போனவன், விழுகிற தண்ணீர் மெலிந்திருந்த ஒரு இடத்தில் மூச்சைப் பிடித்து முங்கி, குகைக்குள் எழுந்தான். உள்ளே வெளிச்சம் பச்சையாக ஆடியது. அருவியின் இரைச்சல் நெஞ்செலும்பில் அதிர்ந்தது, சுவரெல்லாம் கசிந்தது, நாள்கணக்கில் கட்டிவைத்த ஈரத்துணி மூட்டையை அவிழ்த்தாற்போல ஒரு நாற்றம், வந்து வந்து போயிற்று. தண்ணீருக்கு மேலே ஓர் ஆள் உட்காருகிற அளவுக்குப் பாறைத் திட்டு. ஏறி உட்கார்ந்தான்.

திட்டு சூடாக இருந்தது.

பஸ்ஸில் யாரோ அப்போதுதான் எழுந்துபோன சீட்டில் உட்கார்ந்தால் ஒரு சூடு இருக்குமே, அது. வெயிலே படாத பாறையில். பகலவன் சட்டென்று எழுந்தான். அப்போதுதான் காலடியில் பார்த்தான். திட்டிலிருந்து தண்ணீர் விளிம்பு வரைக்கும் ஈரப் பாதச் சுவடுகள். எல்லாம் வெளியே பார்த்த பாதங்கள். உள்ளே வந்ததாக ஒன்றுகூட இல்லை.

தசரதன் விளையாடுகிறான் என்று சொல்லிக்கொண்டான். ஒரு காலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அந்தப் பாதம் பெரியது.

போதும், கிளம்பலாம்.

குதித்தான். வந்த இடத்திலேயே முங்கினான். அருவி தலையில் மிதித்து அடிக்குத் தள்ளியது, பிறகு உள்ளே துப்பியது. மறுபடி முங்கினான். மறுபடி உள்ளே. மூன்றாம் தடவை பாறையைப் பிடித்துக்கொண்டு போகப் பார்த்ததில் இரண்டு நகம் பிய்ந்ததுதான் மிச்சம். இருமி இருமித் திட்டில் விழுந்தான்.

"ஜெபா! டேய் ஜெபா!"

அப்போது இரைச்சல் நின்றது.

தண்ணீர் விழுந்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. மெல்லிய நீர்த்திரை வழியாக எதிர்க்கரை தெளிவாகத் தெரிந்தது. ஜெபகுமார் துண்டால் தலை துவட்டுவதும், தசரதன் மூக்கைச் சிந்துவதும்கூடக் கேட்டது.

"பகலா! ஏறுடா, டைம் ஆவுது!" என்று கத்தினான் ஜெபகுமார்.

"இங்க கீறேன்டா! குகைக்குள்ள! ஜெபா!"

தொண்டை கிழியக் கத்தினான். யாரும் திரும்பவில்லை.

"தோ, வந்துட்டேன்."

பகலவனின் குரல். பகலவன் வாயைத் திறக்கவில்லை.

தண்ணீரிலிருந்து ஒருவன் கரையேறினான். முதுகுதான் தெரிந்தது. பாறையில் கிடந்த பழைய கார்டைக் குனிந்து பார்த்தான். கால் நுனியால் அதைத் தண்ணீரில் தள்ளினான். கிளைக்குப் போனான். பகலவனின் கார்டை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். பகலவனின் சட்டையை மாட்டினான். நிதானமாக, ஒவ்வொரு பித்தானாக.

"இன்னாடா, கையி இப்டி ஜில்லுனு கீது?" என்றான் தசரதன்.

"ரொம்ப நேரம் தண்ணில இருந்துட்டேன்."

மற்ற இருவரும் தங்கள் கார்டை எடுத்துக்கொண்டார்கள். ஜெபகுமார் கிளையைப் பார்த்தான். "காலி. மூணு பேரும் வந்தாச்சு. கெளம்பு."

"அது நான் இல்லடா! டேய்! எண்ணாதடா!"

போன் அடித்தது. சட்டை போட்டவன் எடுத்தான். ஸ்பீக்கரில்.

"மாமா, கெளம்பிட்டியா? வெந்நி ரெடி. டப்புல வச்சிட்டேன்."

"இசை!" பகலவன் திரையில் பாய்ந்தான். தண்ணீர் உள்ளே எறிந்தது. எழுந்தான். "இசை! கதவ சாத்து! கதவத் தொறக்காத!"

"டப்பு வேணாம்," என்றது அவன் குரல். "அந்த நீல டிரம்மு கீதுல்ல, அத்த ரொப்பி வை. வாய் வரைக்கும்."

இசைவாணி சிரித்தாள். "டிரம்முலயா? அவ முங்கிடுவா மாமா."

"நான் புடிச்சுக்கிறேன்."

போனில் பாப்பாவும் சிரித்தாள். அப்பா குரல் கேட்டால் எப்போதும் சிரிப்பாள்.

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு அவன் அருவிப் பக்கம் திரும்பினான். காலர் இருந்தது. கழுத்து இருந்தது. அதற்கு மேலே வெறும் வெள்ளை. அதன்மேல் ஹெல்மெட்டை இறக்கி, கண்ணாடியை மூடிக்கொண்டான். பகலவனின் வண்டி ஒரே உதையில் கிளம்பியது. அதுவும், மற்ற இருவரும் ஏறிய வண்டியும் மண்பாதையில் இறங்கி மறைந்தன.

பகலவன் கிளையைப் பார்த்தான். ஒரு கார்டுகூட இல்லை. இனி யாரும் தேட மாட்டார்கள். அருவி மறுபடி இரையத் தொடங்கியது.